ஏற ஒருவர்

இரவு ஒன்பது இருபது. பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் கடைசி பஸ். இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம்... பெயருக்குக்கூட ஒரு விளக்கு கிடையாது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் விஜயதாஸின் மைத்துனன் அஜேஷுக்கு நடந்தது இது.

அஜேஷின் போனில் ஒரு பஸ் ஆப் உண்டு. அடுத்த ஸ்டாப் எது, அங்கே ஏற எத்தனை பேர், உள்ளே எத்தனை பேர், எல்லாம் காட்டும். மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டான். இந்த இரவுக்கு ஒரு மாதம் முன்னால், இதே பஸ்ஸில் அது காட்டியது, வெள்ளறடையில் அவன் மாறி ஏற வேண்டிய பஸ் நான்கே நிமிடத்தில் கிளம்பும் என்று. இங்கேயோ, தோட்டத்து வளைவில், செல்லபாய் என்ற கிழவி, மரச்சீனிக் கிழங்குச் சாக்கோடு, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் பிரதீஷ் முன்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

அஜேஷ் தலைக்கு மேலிருந்த கயிற்றை எட்டி இழுத்தான். டிங்... டிங். இரண்டு பெல் கேட்டால் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். கண்டக்டர் மட்டுமே அடிக்க வேண்டிய பெல் அது.

கிழவி படியிலிருந்து சரிந்து விழுந்தாள். பின்சக்கரம் ஏறியது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். பிறகு இன்னொரு சத்தம்... ஈரமாக.

சனம் கூடிவிட்டது. "எலே, ஆராக்கும் பெல் அடிச்சது?"

"நான் அடிக்கல்ல... சத்தியமா நான் அடிக்கல்ல" என்று பிரதீஷ் கும்பிட்டான். முதல் அடி கொடுத்தது யார் தெரியுமா? அஜேஷ். தன்மேல் சந்தேகம் வராமலிருக்க அந்தப் பாவிக்கு வேறு வழி தோன்றவில்லை. பிரதீஷுக்கு நான்கு பல் போயிற்று. வேலையும் போயிற்று. உண்மை வெளியே வந்தால் ஊர் தன்னை அடித்தே கொன்றுவிடும் என்று அஜேஷுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்?

நான் முதலில் சொன்ன அந்த இரவு, மறுபடி அதே பஸ், அதே வளைவு. கையில் போன் அதிர்ந்தது. அடுத்த ஸ்டாப்... பெயர் இல்லை. ஏற ஒருவர்.

டிரைவர் நிறுத்தவில்லை. கதவும் திறக்கவில்லை. ஆனால் திரையில் பயணிகள் ஆறு என்றிருந்தது ஏழு ஆயிற்று. அஜேஷ் எண்ணிப் பார்த்தான்... தன்னையும் சேர்த்து ஆறு தலைதான். கிளறிப் போட்ட மண்ணின் வாசனை. அதோடு ரத்தக் கவிச்சி. பக்கத்து சீட் மெல்ல... மெல்ல அமுங்கியது.

"கொஞ்சம் நீங்கி இரி, மக்கா."

அஜேஷ் அலறினான். "நானாக்கும் அடிச்சேன்! பிரதீஷ் இல்ல, நானாக்கும்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. முறிகிற சத்தம் கேட்டது. ஒன்று... இரண்டு... மூன்று. வாயிலிருந்து கொப்பளித்த ரத்தம் முன்சீட்டுக்காரரின் பிடரியில் தெறித்தது.

புது கண்டக்டர் ஷெமி ஓடிவந்து தொட்டபோது அவன் உட்கார்ந்தபடியே செத்திருந்தான். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றும்போதும் அவள் அங்கே நின்றாள். விஜயதாஸிடம் சொன்னதும் அவள்தான். இடது தோளிலிருந்து இடுப்புவரை டயரின் அச்சு. வரிவரியாக. அந்த வரிகளுக்குள் செம்மண்.

அவன் போட்டிருந்த சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை.