கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

இந்த அறைக் கதவைத்தான் முதலில் கவனித்தேன், ஐயா. தள்ள வேண்டிய கதவுக்கு இழுக்கிற மாதிரி பிடி வைத்திருக்கிறார்கள். டீ கொண்டு வந்த காவலர் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பாதி டீ தட்டில் கொட்டிவிட்டது. அதற்கு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். அவர் ஏன் கேட்க வேண்டும்? மனிதன் தடுமாறினால் குற்றம் பொருளின் மேல், மனிதன் மேல் இல்லை. இத்தனை வருடமாக நான் சோறு தின்பது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

என் வேலையை யூஎக்ஸ் டிசைன் என்பார்கள். திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், ஜனங்கள் எந்த இடத்தில் குழம்புவார்கள் என்று பார்த்துச் சொல்வது. எங்கள் கம்பெனி பெரிய கட்டடங்களுக்கு மின்பூட்டு செய்கிறது. சாவி கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு திரை இருக்கும், அதைத் தொட்டால் திறக்கும். அந்தப் பூட்டை எட்டு அணிகள் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு எழுதின. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். அதற்குள் எதையாவது முடித்துக் காட்டியாக வேண்டும். அணிகள் எட்டு, டிசைனர் நான் ஒருவன்.

என் மனைவி கேலி செய்வாள். "எட்டு வீட்டு மாப்பிள்ளை, ஒரு வீட்லயும் சாப்பாடு இல்ல." சிரிப்பேன். ஆனால் காலையில் எட்டு அணிகளும் ஒரே நேரத்தில் நின்றுகொண்டு பேசும்போது, எட்டு இடத்திலிருந்தும் என்னைக் கூப்பிடும்போது, எனக்கு மூச்சு முட்டும். ஒரு அணிக்கு வரைந்து கொடுத்தால் மற்ற ஏழும் முறைக்கும். வரைந்து கொடுப்பதற்குள் அவர்களே எதையோ கட்டி முடித்துவிட்டு, "கொஞ்சம் கலர் மட்டும் பாத்துக் குடுங்க" என்பார்கள். வேலையை விடலாமென்றால் வீட்டுக் கடன். பொறியில் மாட்டிய எலி மாதிரி இருந்தேன் என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

நான் நியாயமில்லாத எதையும் கேட்கவில்லை. புரோகிராம் எழுதுகிறவர்களைவிட ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் என்னை நடக்க விடுங்கள் என்றேன். முடிவு எடுக்கும்போது கூப்பிடுங்கள், முடிந்த பிறகு அல்ல என்றேன். கடைசியாக, எந்தத் திரையும் வெளியே போவதற்கு முன்னால் ஐந்து பேர் அதைத் தொட்டுப் பார்க்கட்டும் என்றேன். ஐந்து பேர் போதும், ஐயா. பெரிய தப்பெல்லாம் அந்த ஐந்து பேரின் கையிலேயே மாட்டிக்கொள்ளும்.

எட்டு அணிக்கும் மேலே இருந்தவரை நாங்கள் அடுத்தண்ணன் என்போம். எதைக் கேட்டாலும் "அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்" என்பார், அதனால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும், தெரிந்து சிரிப்பார். கெட்டவர் இல்லை. என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். அவரைக் கெட்டவர் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

பிரச்சினை உள்பக்கத் திரையில். அறைக்குள் இருக்கிறவர் வெளியே வருவதற்கான திரை அது. 'திற' என்பது சின்னதாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. 'உதவி' பெரிதாகச் சிவப்பில் இருந்தது. பயந்தவன் கை சிவப்புக்குத்தான் போகும், சாம்பல் கண்ணிலேயே படாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் சாமான் அறைக்குள் மாட்டிக்கொண்டார். சிவப்பை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். அந்த அழைப்பு யாருமில்லாத ஒரு மேசையில் போய் அடித்திருக்கிறது. விடிந்துதான் கதவைத் திறந்தார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தேன். "எனக்குப் படிப்பு இல்ல சார், நான்தான் தப்பா அழுத்திட்டேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்தண்ணனிடம் சொன்னேன். "பாவம்தான்பா. ஆனா ஆளுக்கு ஒண்ணும் ஆகலயே. அடுத்த ஸ்பிரிண்ட்ல எடுத்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு நான் அவரோடு அதிகம் பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் கிளம்பிய பிறகு, அவரே என் இடத்துக்கு வந்தார்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. வா, நானே உக்காந்து பாக்கறேன். நீ கேட்ட அஞ்சு பேர்ல முதல் ஆள் நான்னு வச்சுக்க."

எங்கள் சோதனை அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் இல்லை, சத்தம் வெளியே போகாது. கதவில் எங்கள் பூட்டுதான், உள்பக்கம் அதே திரை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அதில் அவர் முகம் தெரியும், இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு அவர் தெரிவார். என் மேசையில் ஒரு மைக்கும், கதவு திறக்காமல் நிறுத்திப் பிடிக்க ஒரு ஸ்விட்ச்சும் உண்டு. சிலர் சட்டென்று முடித்துவிட்டு, கேள்வி கேட்பதற்குள் எழுந்து போய்விடுவார்கள், அதற்காக வைத்தது. வருகிறவர் யாரானாலும் பையையும் போனையும் வெளியே வைக்க வேண்டும். அவர் தன் பையை என்னிடம் நீட்டி, "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்று சிரித்தார். அவருக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் பையின் பக்கவாட்டு அறையில் இருக்கும். அது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் தொழிலில் முக்கியமான விதி ஒன்றுதான். உள்ளே இருப்பவருக்கு உதவக் கூடாது. அவர் தவித்தாலும் பொறுக்க வேண்டும். கேள்வி கேட்டால் அதையே திருப்பிக் கேட்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது வரவே வராது, மனசு கேட்காமல் வாயைத் திறந்துவிடுவார்கள். எனக்கு நன்றாக வரும்.

"அழுத்திட்டேன்பா, தொறக்கல" என்றார்.

"தொறக்கலைன்னா நீங்க என்ன செய்வீங்க?" என்று மைக்கில் கேட்டேன்.

சிரித்துக்கொண்டே மறுபடி அழுத்தினார். அந்த வாரம்தான் சுவருக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இரும ஆரம்பித்தார். "தம்பி, விளையாடாத. பெயிண்ட் நாத்தம் நெஞ்ச அடைக்குது. அந்தப் பைய எடுத்துக் குடு."

"இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?" என்றேன். அது நாங்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி.

அப்போது சிவப்பையும் அழுத்தினார். சோதனை அறையிலிருந்து அந்த அழைப்பு என் முன்னால் இருக்கும் திரைக்குத்தான் வரும். வந்தது, அடித்து ஓய்ந்தது. அவர் கண்ணாடிக்கு வந்து உள்ளங்கையை வைத்தார். நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். "உனக்கு மூணு டிசைனர் கேட்டு வாங்கிட்டேன்டா. திங்கக்கெழம சொல்லலாம்னு இருந்தேன். கதவத் தொற." மாட்டிக்கொண்டவர்கள் நமக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள், ஐயா. அந்த மாதிரிப் பேச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்களுக்குப் பாடமே உண்டு. அது உண்மைதான், மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள் என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அப்புறம் உட்காரவும் முடியவில்லை. எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். நிம்மதியாக இருந்தது. எட்டு இடத்திலிருந்தும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இருமல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைத் திறந்து, பையை அவர் பக்கத்தில் வைத்தேன்.

பூட்டை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டார்களாம். எல்லா அணியும் முதலில் சோதனை செய்த பிறகுதான் கட்ட வேண்டுமாம். அடுத்த ஸ்பிரிண்ட் இல்லை, இந்த ஸ்பிரிண்ட்டிலிருந்தே. ஒரு டிசைனர் தன் அணிகளுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

சோதனை அறையின் வீடியோ பதிவைப் பார்த்த பிறகு நீங்கள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உள்ளே போனதும் அவர் முதலில் எதை அழுத்தினார்? சின்னதாக இருக்கிற சாம்பல் பொத்தானை. சரியானதைத்தான். தயங்கவே இல்லை, தேடவும் இல்லை. திரையில் பச்சை விளக்கும் வந்தது. கதவு திறக்காததற்குக் காரணம் என் விரல், அது ஸ்விட்ச்சின் மேல் இருந்தது. கடைசி வரை எடுக்கவில்லை.

அப்படியென்றால் அந்தத் திரையில் குறையே இல்லையா என்கிறீர்கள். ஒரே ஒருவரை வைத்து அதை எப்படிச் சொல்ல முடியும், ஐயா? குறைந்தது ஐந்து பேராவது வேண்டும். முதல் நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான்.