பாலை நிறுத்தச் சொன்னவன் பேசுகிறேன்

தலைவர் பிறந்தநாள் விழாவுக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ரசிகர் மன்றத் தலைவர் ராஜாங்கம் அண்ணன் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, இடுப்புல புள்ளையோட வந்திருக்கும் தாய்மார்களே, சுரங்கத்துல ஷிப்ட் முடிஞ்சு கரித்தூளோட நிக்கிற என் உயிர்த் தோழர்களே, மந்தாரக்குப்பத்து மண்ணே, வணக்கம்.

விசில் வேணாம் தம்பி. இன்னிக்கு என் பேச்சுல விசிலுக்கு ஒரு வரிகூட இல்ல.

நம்ம வாட்ஸ்அப் குரூப்புல நானூத்திப் பன்னெண்டு பேரு. தலைவர் படம் எந்தத் தேதியில வரும்னு நான் சொன்னா தப்பாது. அதனால போன் வாங்கவும் என்னைக் கேட்டாங்க, புள்ளைக்கு உடம்பு முடியலைன்னாலும் என்னைக் கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

மாசி மாசம் எங்க அக்கா சங்கீதா போன் பண்ணுச்சு. "டேய், இசைப்பிரியாவுக்கு வாந்தியும் பேதியுமா போய்க்கினே இருக்குதுடா. பால் குடுக்கவா, வேணாவா? உங்க மாமா ஷிப்டுல இருக்காரு."

இசைப்பிரியா எங்க அக்கா பொண்ணு, பத்து மாசக் குழந்தை. நான் ஒன்றரை நிமிஷ வீடியோ ஒண்ணு பாத்தேன். "பாலை நிறுத்துக்கா, தண்ணியும் வேணாம், வயிறு காயட்டும்"னேன். அதையே குரூப்புலயும் போட்டேன். அறுபது பேரு கைதட்டுனாங்க.

மறுநாள் கண்ணு குழி விழுந்துச்சு. அழுதா, கண்ணீர் வரல. அப்புறம் அழவே இல்ல. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க, "தண்ணிய யாரு நிறுத்தச் சொன்னது?" எங்க அக்கா தரையப் பாத்துச்சு. என்னைக் காட்டிக் குடுக்கல. அன்னிக்கு சாயங்காலமே புதைச்சோம்.

ரோட்டா வைரஸாம். கழுவாத கையில ஏறி, குழந்தை வாயில இறங்குமாம். அதைக் கொல்ல மாத்திரை இல்லையாம். ஆனா தாய்ப்பாலும் ஓஆர்எஸ் தண்ணியும் ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கினே ஓடி வந்திருந்தா? வந்திருந்தா? அந்தக் கேள்வியோடதான் நான் படுக்குறேன், அதோடதான் எழுந்திரிக்கிறேன். அது வராம தடுக்க சொட்டு மருந்தே இருக்காம். சும்மாவே குடுக்குறாங்களாம். அதை ஒரு நாளாவது குரூப்புல போட்டேனா நானு?

யாரது, "உன் தப்பு இல்ல"ங்கிறது? கார்முகிலா? நீ இங்க என்ன பண்ற? மதியம் குரூப்புல, "புள்ளைக்கு பேதி, என்ன குடுக்கலாம்"னு நீதான கேட்ட?

என்ன? நான் பதில் போடுவேன்னு காத்துக்கினு இருந்தியா? இன்னுமா என்னை நம்புறீங்க?

தலைவர் கட் அவுட்டுக்கு ஊத்த வச்ச பாலு அப்படியே இருக்கட்டும். ராஜாங்கம் அண்ணே, வேன் சாவியக் குடுங்க. தாய்மார்களே, அவனுக்கு வழி விடுங்க. ஓடுறா, வீட்டுக்குப் போயி புள்ளையத் தூக்கிக்கினு டாக்டருகிட்ட ஓடு.

வழி விட்ட உங்க எல்லாருக்கும் நன்றி, வணக்கம். கார்முகில், நீ கேட்டதுக்கு என் பதில் இதான்: எனக்குத் தெரியாது.