ஆறு அம்புக்குறிகள்

எனக்கு என் மாப்பிள்ளையை ரொம்பப் பிடிக்கும், மேடம். முதலில் அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி வீட்டுக்காரர். இந்தக் கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணியில் கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுத்தவர். உங்கள் மேஜையில் இருக்கும் அறிக்கையின்படி, இன்று மாலைக்குள் பெயரும் கெடப்போகிறவர்.

இந்த விசாரணைக்குச் சாட்சி என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். 'மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை' என்று ஒரு வரி அடித்து, கீழே என் கையெழுத்துக்கு இடமும் விட்டிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. தட்டச்சு செய்கிறவர் புதுக் காகிதம் மாட்டிக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளையை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே கொண்டுவந்தவன் நான். அப்போது எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள், தங்கச்சி குடும்பத்தைத் தூக்கிவிட்டான் என்று. நான் மறுக்கவில்லை. எங்கள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. அவர் சொல்வார்: "நல்ல துணியை விக்கணும்னா அதை மட்டும் விரிக்காதடா. பக்கத்துல ஒரு சோகைத் துணியையும் விரி. நல்லது தானாப் பளபளக்கும்." அந்தச் சோகைத் துணியாகத்தான் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தேன். என்ன செய்ய, துவைக்கத் துவைக்க அந்தத் துணியில் சாயம் ஏறிக்கொண்டே போனது. அவர் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி, எதையும் உள்ளே விடமாட்டாள் என்பதால் அவளுக்குக் 'கதவு' என்றே பெயர் வந்துவிட்டது. நான் பயிற்சி கொடுத்த முன்கள ஆட்டக்காரிகளுக்கு அப்படிப் பெயர் ஏதும் வரவில்லை.

போன வருஷம் பழைய தலைமைப் பயிற்சியாளர் ஓய்வு பெற்றார். பதினோரு வருஷத் துணைப் பயிற்சியாளர் நான் இருக்கிறேன், நாற்காலி நகர்ந்து என் பக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது முப்பத்து நாலு. வாயைத் திறந்தால் எண். வந்த மூன்றாம் நாளே பெண்கள் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. வருத்தப்பட்டிருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் முகத்தில் எதையும் காட்டினால் அப்பா கடைக்குள் விடமாட்டார்.

சதவீதம் தன்னோடு ஒரு உதவியாளரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டத்தைப் படம் பிடித்து ஆராய்கிறவர். ஆக, எங்களுக்கு இருந்த இரண்டு இடத்தில் ஒன்று போய்விட்டது. எங்கள் இருவரையும் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். கிழிந்த கால்காப்புகளுக்கும் உடைந்த மட்டைகளுக்கும் நடுவே நின்றுகொண்டே சொன்னார்.

"எனக்கு உங்க ரெண்டு பேரையும் எண்பத்தஞ்சு சதவீதம் பிடிச்சிருக்கு. ஆனா இடம் நூறு சதவீதம் ஒண்ணுதான்."

மாப்பிள்ளை உடனே, "மச்சானையே வெச்சுக்குங்க சார், அவர்தான் சீனியர்" என்றார். இந்த மாதிரி ஆளோடு எப்படி மேடம் பேரம் பேசுவது? விலையைக் கேட்கும் முன்னாலேயே பையைத் திறந்து காட்டுகிறவர்.

சதவீதத்துக்கு அது பிடிக்கவில்லை. "தியாகம் எல்லாம் வேண்டாம். கணக்கு சொல்லட்டும்" என்றார். பதினைந்து நாள் கழித்து ஒரு சோதனை. என் பொறுப்பில் புதிதாகச் சேர்ந்த ஆறு முதலாமாண்டுப் பெண்கள். அவர் பொறுப்பில் கதவு. பதினெட்டு பெனால்டி கார்னர். பாதிக்கு மேல் கோலானால் நான் இருப்பேன். இல்லையென்றால் அவர் இருப்பார்.

பெனால்டி கார்னர் என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளுவாள், வட்டத்துக்கு வெளியே ஒருத்தி நிறுத்துவாள், இன்னொருத்தி கோலைப் பார்த்து வீசுவாள். எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள். பந்து கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் பாயலாம் என்று கோல்கீப்பர் யோசித்தால், யோசனை முடியும்போது பந்து வலைக்குள் இளைப்பாறிக்கொண்டிருக்கும். வீசுகிறவள் எந்தப் பக்கம் வீசும் பழக்கமுள்ளவள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கதவுக்குத் தெரியாது. அந்தப் பதினைந்து நாளும் அவளுக்குப் பரீட்சை. அதனால் மாப்பிள்ளை தினமும் கோல் வலைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, என் ஆறு பெண்களும் எங்கே வீசுகிறார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்தார். ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் எதிரே நின்று பார்ப்பது போல ஒரு சின்னக் கோல் படம், அதில் பென்சிலால் குறுக்காக ஒரு அம்புக்குறி. கதவுக்கு அப்படிப் படித்துத்தான் பழக்கம். அவர் ஒரு விஷயத்தை எழுதிவிட்டால் மறந்துவிடுவார். "மறக்கறதுக்குத்தானே மச்சான் எழுதறதே" என்பார். தாளில் இருப்பதை அப்படி நம்புகிற ஆளை நான் பார்த்ததில்லை.

நான் தாளை நம்புகிறவன் இல்லை. என் பெண்கள் பழகின பக்கத்தை விட்டு வேறு பக்கம் வீசமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் பந்து பக்கத்து மைதானத்துக்குப் போனது.

சோதனைக்கு முந்தின ஞாயிறு வழக்கம்போலத் தங்கச்சி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். எனக்குக் கல்யாணமாகவில்லை. "பேரம் பேசிப் பேசியே வயசைக் கோட்டை விட்டவன்" என்று அவள் சொல்வாள். அன்றைக்கும் சொன்னாள். பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணா, யார் நல்லா செய்யறாங்களோ அவங்களுக்குக் கிடைக்கட்டும். நான் உன்கிட்ட எதுவும் கேக்கலை. ஆனா இவருக்கு இந்த வயசுல வேற யாரு வேலை குடுப்பா? உனக்காவது நாலு இடத்துல பேசத் தெரியும். இவருக்கு அந்தக் கோல் கம்பத்தை விட்டா வேற எதுவும் தெரியாது."

"நீ கவலைப்படாத" என்றேன். மனதாரச் சொன்னேன்.

மாப்பிள்ளை அந்த நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "மச்சான், ஒரு உதவி. நான் வலைக்குப் பின்னாடி உக்காந்து எழுதினது. பின்னாடியிருந்து பார்த்தா இடது வலது மாறிப்போகும்ல? மாத்தித்தான் போட்டிருக்கேன். இருந்தாலும் ஒரு பயம். நீங்க முன்னாடி நின்னு பாக்கறவர். ஒருதரம் சரிபார்த்துடுங்க."

"போட்டி நமக்குள்ளதானே மாப்ள. என்கிட்டயே குடுக்கிறீங்களே."

"அதுக்காக அந்தப் பொண்ணு தப்பாப் பாயலாமா?" என்று சிரித்துவிட்டுப் படுக்கப் போனார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. நல்ல மனசுக்காரர்களுக்குத் தூக்கம் சட்டென்று வரும்.

சரிபார்த்தேன். ஆறும் சரியாக இருந்தன. அதனால் ஆறையும் மாற்றினேன்.

அவசரப்பட்டுச் செய்ததில்லை. தங்கச்சி மகளின் பள்ளிப் பையில் ரப்பரும் பென்சிலும் இருந்தன. கோட்டைத் தொடவில்லை. அம்பின் தலையை மட்டும் அழித்துவிட்டு மறுமுனையில் வரைந்தேன். கோடு மாப்பிள்ளையுடையது, தலை என்னுடையது. அவர் அம்பின் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவார், காக்கை மூக்கு மாதிரி. ஆறிலும் அந்தச் சாய்வைக் கொண்டுவந்தேன். ரப்பர் தூளை ஊதித் தள்ளினால் தரையில் கிடக்கும் என்று உள்ளங்கையில் வழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். பிறகு தங்கச்சி காபி கொடுத்தாள். குடித்தேன்.

சோதனை நாளில் சதவீதம் ஒரு காரியம் செய்திருந்தார். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவரை வரச்சொல்லியிருந்தார், கதவைப் பார்த்துவிட்டுப் போக. இது எனக்குக் காலையில்தான் தெரியும். தெரிந்தபோது ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். யோசிக்காதவன் இல்லை நான்.

மைதானத்துக்குத் தண்ணீர் அடித்திருந்தார்கள். ஈரத் தரையில் பந்து இன்னும் வேகமாக வரும். கதவு நோட்டை மூன்று தரம் படித்து, முத்தமிட்டு, மாப்பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோலுக்குப் போனாள். முதல் பந்து வலது பக்கம் வந்தது, அவள் இடது பக்கம் பாய்ந்தாள். அழகான பாய்ச்சல். ஆள் எடுக்கிறவர் கூட அதைக் குறித்துக்கொண்டார். இரண்டாவதும் அப்படியே. முதல் ஒன்பதில் ஏழு கோல். தடுத்த இரண்டும் என் பெண்கள் கால் வழுக்கி வேறு பக்கம் வீசியவை.

இடைவேளையில் அவள் முகக்காப்பைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் ஓடிவந்தாள். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"சார், எல்லாம் எதிர்ப்பக்கமா வருது சார். நோட்டுல தலைகீழா இருக்கு. நான் மாத்திப் பாயறேன் சார், ப்ளீஸ்."

மாப்பிள்ளைக்கு வேர்த்திருந்தது. நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா. என்னை நம்பலைன்னா பரவாயில்லை. இதை மச்சான் உக்காந்து சரிபார்த்திருக்கார். அவர் பார்த்தா தப்பாது. அவங்க பதட்டத்துல மாத்தி வீசறாங்க போல, இப்ப சரியாயிடும். நோட்டுப்படியே பாய்."

நாடா ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அவிழ்த்து இன்னொரு தரம் கட்டினேன்.

இரண்டாம் பாதியில் எட்டு. மொத்தம் பதினைந்து. ஆள் எடுக்கிறவர் பன்னிரண்டாவது கோலோடு எழுந்து வண்டி சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். 'கதவு' என்று இருந்தவளை அன்று மாலையிலிருந்தே 'ஜன்னல்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெண்களுக்கு இரக்கம் கிடையாது, மேடம்.

சதவீதம் என் கையைக் குலுக்கினார். "எண்பத்து மூணு சதவீதம். இதுக்கு மேல பேச்சே இல்லை" என்றார். எனக்குப் பதவி. கோல்கீப்பர் பயிற்சியும் கூடுதலாக என் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்த போட்டியில் ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அது வேறு விஷயம்.

கதவின் அம்மா மட்டும் வந்து சத்தம் போடாமல் இருந்திருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். அந்த அம்மா தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு நேராக முதல்வர் அறைக்குள் போய்விட்டார். "என் பொண்ணு பந்தைத்தான் தடுப்பா, உங்க பைத்தியக்காரத்தனத்தையுமா தடுப்பா? பதினெட்டுல பதினஞ்சு தப்பாப் பாய அவ என்ன குருடா? சொல்லிக் குடுத்தவன் எவன், அவனைக் காட்டுங்க" என்று கேட்டார். அதனால்தான் இந்த விசாரணை. நோட்டு சிக்கியது. அறிக்கை தயாராகியது. உங்களுக்கு முன்னால் இருக்கிறது.

இனி நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்பது. மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அதில் பழக்கமில்லை.

கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வெளி அறையில் உட்கார்ந்து அறிக்கையைப் படித்தேன். கூடவே மாப்பிள்ளை எழுதிக் கொடுத்ததும் இருந்தது. அதில் எழுதியிருக்கிறார்: 'இடது வலது மாறியது என் தவறு. வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை.' நான் சரிபார்த்ததாக ஒரு சொல் இல்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் என்னைக் காப்பாற்றுகிறார். ஏன் காப்பாற்றுகிறார்? நான் தெரியாமல் தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து. பதினோரு வருஷம் பெண்களுக்குப் பந்து வீசச் சொல்லிக்கொடுத்த எனக்கு இடது எது வலது எது என்று தெரியாது என்று அந்த மனிதர் மனதுக்குள் முடிவு கட்டி, அதை வெளியே சொல்லாமல் மறைத்து, எனக்காகப் பரிதாபப்பட்டு, வேலையையும் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. யாராவது என்னைக் கெட்டவன் என்றால் பரவாயில்லை, கடைத்தெருவில் கேட்காத பேச்சா. ஆனால் வேலை தெரியாதவன் என்று என் தங்கச்சி புருஷன் நினைக்கக் கூடாது. நீங்களும் 'அலட்சியம்' என்று அடித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அழித்த இடத்தில் எங்காவது காகிதம் மயிரிழை எழும்பியிருக்கிறதா?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆறு அம்புக்குறியையும் மாற்றியது நான். தெரிந்து, நிதானமாக, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, அவர் வீட்டில், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது. அவரை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லி மாநில அணிக்கும் எழுதுங்கள். என் இடத்தை என்ன செய்வது என்று சதவீதத்தைக் கேளுங்கள், அவர் ஒரு எண் சொல்வார்.

கொஞ்சம் சீக்கிரம் அடித்துக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். நான் வந்தது மாப்பிள்ளை வண்டியின் பின் சீட்டில். காலையில் அவரே வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டார். வாசலில் நின்றுகொண்டிருக்கிறார், அங்கே உட்கார இடமும் இல்லை, தலைக்கு மேல் நிழலும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு மனிதரை இவ்வளவு நேரம் வெயிலில் காயவிடுவதற்கு உங்களுக்கு எப்படி மேடம் மனசு வருகிறது?