காதைத் திறக்காத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை நான் கண்டதில்லை. ஆனைகட்டி பஸ்ஸில் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். முன்சீட்டில் புருஷன் பெண்டாட்டி. அவர் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையாம். மடியில் காகிதக் கட்டு, முழங்கால் வழியை அடைத்திருந்தது.

“வேலை முடியற வரைக்கும் ஆரு கூப்புட்டாலும் கேக்காதே, முடிஞ்சதும் காதைத் தொறன்னுதான் மெஷினுக்கு எழுதியிருக்கறேன். பொறவு எதுக்கு அப்படியே நின்னுபோகுது?”

“ஏனுங்க, நம்ம ஸ்டாப்புங்க. தாய்மாமன் உங்க மடியில வெச்சுத்தானுங்க உங்க தங்கச்சி புள்ளைக்குக் காது குத்தோணும். எந்திரிங்க!”

“இரு புள்ள.”

பஸ் கிளம்பிவிட்டது.

“கண்டுபுடிச்சுட்டேன்! நடுவுல தப்பு வந்தா வேலையைப் பாதியில உட்டுட்டு வெளிய வந்துருது. காதைத் தொறன்னு நான் எழுதுன வரிக்கே மெஷின் போறதில்லை!”

“சந்தோசமுங்க. எறங்கித் திரும்பி நடங்க. புள்ளைக்குக் குத்தறப்ப உங்களுக்கும் சேத்துக் குத்தச் சொல்றேன்.”