கட்டில் பக்கத்து டிராயருக்கு ஒரு துப்பாக்கி

இல்ல தம்பி, இது வேணாம். கையில வெச்சா பவுடர் டப்பா மாதிரி இருக்கு. லேசா இருக்கறதைத்தான் இப்ப எல்லாரும் கேக்கறாங்களா? கேக்கட்டும். எனக்குக் கனமா வேணும். கீழ்த்தட்டுல மூலையில ஒண்ணு கெடக்குதே, கறுப்பா, சுத்தியல் மாதிரி, அதை எடு.

சிரிக்காத. அசிங்கமாத்தான் இருக்கு, எனக்கும் கண்ணு தெரியுது. விலை கம்மி, அதனால மூஞ்சி அப்படி. எங்க வீட்டுல இருந்ததும் இதே கம்பெனிதான். முப்பது வருஷத்துக்கு முன்னால ஒரு சந்தையில பேரம் பேசி வாங்குனேன். வித்தவன் கடைசியில கும்பிட்டு, தாயே எடுத்துட்டுப் போன்னு குடுத்தான். அன்னையிலேர்ந்து கட்டிலுக்குப் பக்கத்து டிராயர்லயே கெடந்துச்சு. வீடு ஊரைத் தாண்டி, சோளக்காட்டு நடுவுல. ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் போட்டா அவன் காபியைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் கெளம்புவான். வேற என்ன பண்றது? ஆனா அத்தனை வருஷத்துல வந்த திருடன் ஒரே ஒரு ரக்கூன், மூஞ்சியில கறுப்புப் பட்டை போட்ட பிராணி. அதுவும் குப்பைத் தொட்டியோட போயிருச்சு.

அந்தத் துப்பாக்கியா? பையன் எடுத்துட்டுப் போய்ட்டான். கர்ட். கொலம்பஸ் டவுன்ல இருக்கான், இன்சூரன்ஸ் வேலை. போன மாசம் வந்தான், டிராயரைத் தொறந்தான், எடுத்தான், கார்ல ஏறிட்டான். அவனுக்கு என்னமோ பயம். திருப்பிக் குடுடான்னு கேட்டேன். வித்துட்டேன்னான். எவ்வளவுக்குன்னு கேட்டேன். சொன்னான். அந்தக் காசுக்கு நான் அதோட அட்டைப்பெட்டியைக்கூட குடுத்திருக்க மாட்டேன். என் வயித்துல பொறந்தவன் இவன்.

இப்ப என்னாச்சுன்னா, எங்க வீட்டுக்காரர், வெண்டல், டிராயரைத் தொறந்து பாத்தாரு. காலியா கெடக்கு. துப்பாக்கியவே திருடிட்டுப் போனவன் மத்ததுக்கும் வருவான்னு முடிவு பண்ணிட்டாரு. பையன்தான் எடுத்தான்னு சொல்லிப் பாத்தேன். நம்பல. ராத்திரி பூரா நடையில நாற்காலி போட்டு உக்காந்துக்கறாரு, மடியில டயர் கழட்டுற இரும்புக் கம்பி. எழுபத்தாறு வயசு. இன்னிக்கி ராத்திரி அந்த டிராயர்ல ஒண்ணு இருக்கணும் தம்பி. அவரு படுக்கணும். நானும் படுக்கணும். ஆறு மணி வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரி வந்து உக்காந்திருக்கா, அதுக்குள்ள நான் போயாகணும்.

அவரைக் கூட்டிட்டு வர முடியாது. உடம்பு சரியில்ல. அதனால நான் பாத்து எடுக்கறதுதான். குடு இப்படி.

ம். கனம் சரியாத்தான் இருக்கு. இரு, கண்ணை மூடிட்டுப் பாக்கறேன். இல்ல, சாமியெல்லாம் கும்பிடல. அவரு கை எடை பாக்கும், அதுக்குத்தான். மார்க்கெட்ல கறி வெட்டுற வேலை, ஆயுசு பூரா. ஒரு பவுண்டு கேட்டா ஒரு பவுண்டை அறுத்துத் தட்டுல போடுவாரு, தராசு முள்ளு சும்மா வேடிக்கை பாக்கும். அந்தக் கையில போய் லேசானதை வெச்சா அடுத்த நிமிஷம் தெரிஞ்சிரும்.

குண்டு அடைக்கிற டப்பா கீழ விழுதா பாரு. பட்டுனு விழணும், நான் தட்டித் தட்டி எடுக்கக் கூடாது. சரி. இப்ப மேல்பாகத்தைப் பின்னால இழு. நீ இழு தம்பி, என் விரல் மடங்காது. என் காதுகிட்ட கொண்டாந்து இழு. இன்னொரு தடவை. நல்லாருக்கு. கொஞ்சம் கரகரங்குது, பழசும் அப்படித்தான் கரகரக்கும்.

நான் பழைய வாஷிங் மெஷின் வாங்கி வித்துக் கடை நடத்துனவ. படிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல, காதுதான். மூடியைத் தட்டுனா உள்ள எது போச்சுன்னு சொல்லுவேன். ஒருத்தன் செத்துப்போன பிரிட்ஜுக்கு பெயிண்ட் அடிச்சு என் தலையில கட்டுனான். மறுநாள் அதைக் கொண்டுபோய் அவன் வீட்டு வாசல் புல்லுல குப்புறத் தள்ளிட்டு வந்தேன். வெண்டல்தான் வண்டி ஓட்டுனாரு. வழி பூரா சிரிச்சாரு. உன் கோபத்துக்கு லைசென்ஸ் வாங்கணும்டீன்னாரு. இப்பக் கோபம் வர்றதில்ல. வரணும்னு நெனைக்கறேன், வர மாட்டேங்குது.

பிடி கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. பரவால்ல. பழசுல பிடி வெடிச்சுப் போய்க் கறுப்பு டேப் சுத்தியிருந்துச்சு. டேப் என் பையிலேயே இருக்கு, நான் சுத்திக்கறேன். பாதி உரிஞ்ச மாதிரி சுத்தணும்.

குறியா? எங்க சுட்டா எங்க படும்ங்கறது எனக்கு வேணாம். பின்னால சுட்டுப் பாக்கற எடம் இருக்குங்கறதும் தெரியும், வர்றப்பவே சத்தம் கேட்டுச்சு. வேணாம். சுடறப்ப தோட்டா உள்ள சிக்கிக்குமா? சிக்கிக்கட்டும். ஏன் அப்படிப் பாக்கற? வாஷிங் மெஷின் வாங்க வர்றவ துணி வெளுக்குமான்னு கேக்காம மூடி சத்தத்தைக் கேட்டா நானும் அப்படித்தான் பாத்திருப்பேன். பாரு.

தோட்டா வேணும். நல்லது வேணாம். ஈரத்துல ஊறுனது, பரண்ல கெடந்தது, எதுன்னாலும் சரி, பித்தளை மட்டும் பளபளன்னு இருக்கணும். அவரு தெனம் சாயங்காலம் டிவியில வானிலை முடிஞ்சதும் டிராயரைத் தொறப்பாரு. டப்பாவைக் கழட்டி மேல இருக்கற தோட்டாவைச் சட்டையில தொடைப்பாரு. மேல்பாகத்தை இழுத்துச் சுண்டு விரலை உள்ள விட்டுப் பாப்பாரு. திரும்ப மாட்டி வெச்சுட்டு, சரி டார்லீன், வீடு பத்திரம்னு சொல்லிட்டுப் படுப்பாரு. மழை வரும்னு சொன்னாலும் அதான், வராதுன்னு சொன்னாலும் அதான்.

சரி, விலைக்கு வா. அட்டையில போட்டிருக்கறது உங்க முதலாளி எழுதுனது, நான் எழுதல. மூலையில பாரு, கீறல். யாரோ வெச்சிருந்து குடுத்தது. குறி பாக்கற காகிதம் இலவசமா? அதை நீயே வெச்சுக்க, அதுக்கு இருபது டாலர் கொற. தொடைக்கிற எண்ணெயும் வேணாம். தோட்டாவைத் தனியா எண்ணு, முழுப் பெட்டிக்கு விலை போடாத. பாத்தியா, நீயே எறங்கி வர்ற. இன்னும் பத்து. முதலாளியைக் கேக்கணுமா? கேளு, நான் நிக்கறேன். கால் வலிக்குதுன்னு மட்டும் சொல்லு.

ஒத்துக்கிட்டாரா. நல்ல மனுஷன்.

பேப்பர் குடு, கையெழுத்து போடறேன். என் பேருலதான். என் காசு, என் வீடு, என் டிராயர். போலீஸ்ல கேட்டுப் பாக்கணும்னா பாத்துக்க. பிரிட்ஜைத் தள்ளுனதுக்கு அவன் கேஸ் போடல.

இன்னொரு வேலை இருக்கு. பின்னால ரிப்பேர் பாக்கறவர் இருக்காரா? கூப்புடு. உள்ள ஒரு ஊசி இருக்குமில்ல, விசையை அமுக்குனா தோட்டா பின்பக்கத்துல போய்க் குத்துமே, அதை எடுத்துரச் சொல்லு. தோட்டாவுலயும் உள்ள இருக்கற மருந்தைக் கொட்டிட்டு, தட்டுனா தீப்புடிக்கற துணுக்கையும் சாகடிச்சுட்டு, திரும்ப மூடித் தரணும். வெளியில பாத்தா தெரியக் கூடாது.

ஆமா, அப்புறம் சுடாது. அதுக்குத்தான் சொல்றேன்.

எனக்குத் தெரியும் தம்பி, தெரியும். ஓடாத மெஷினை ஓடுதுன்னு சொல்லி நான் என் ஆயுசுல வித்ததில்ல. இப்ப ஓடறதைக் காசு குடுத்து வாங்கி நிறுத்தச் சொல்றேன். பொம்மைத் துப்பாக்கி வெச்சுப் பாத்துட்டேன். மூணு கடை ஏறி இறங்கி, அச்சு அசலா இருக்கேன்னு ஒண்ணு வாங்கி வெச்சேன். கையில எடுத்தாரு, ஒரு ஏந்து ஏந்துனாரு, நேராப் போய்ப் பாத்திரம் கழுவுற தொட்டியில போட்டாரு. இரும்புக் கம்பியோட நடைக்குப் போய்ட்டாரு. அந்தக் கம்பி வேகமா வந்தா நான் குனியறதுக்குள்ள முடிஞ்சிரும்.

எம்மேலயான்னு கேக்கறியா. வேற யாரு இருக்கா வீட்டுல?

ரெண்டு வருஷமா அவருக்கு மறதி. முதல்ல சாவி, அப்புறம் கர்ட்டோட பொண்டாட்டி பேரு. அதெல்லாம் எனக்கே மறக்கும். போன வசந்தத்துல ஒரு நாள் சாமான் வாங்கிட்டு எப்பவும் போலச் சமையக்கட்டு வழியா உள்ள வந்தேன், ரெண்டு கையிலயும் பை. நடையில நிக்கறாரு, துப்பாக்கியோட. கறிக்கடையில கூட்டம் நிக்கறப்ப பேசுவாரே, அந்த நிதானம். யாரும்மா நீன்னாரு. எதுக்கு என் வீட்டுக்குள்ள வந்தேன்னாரு.

பயந்தேனான்னா தெரியல. பையில ஐஸ்கிரீம் இருந்துச்சு, உருகுமேன்னு நெனச்சேன்.

பேரைச் சொல்ல வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு சொல்றாரு, உன்னைச் சுட மாட்டேம்மா, வேணுங்கறதை எடுத்துட்டுச் சீக்கிரம் போயிரு. என் பொண்டாட்டி கடையிலேர்ந்து வர்ற நேரம். அவ வந்து உன்னைப் பாத்தா பயந்துருவா.

சரிங்க, போறேன்னேன். பையைத் தரையில வெச்சுட்டு வெளியில போய்க் கார்ல உக்காந்தேன். அப்புறம் வீட்டைச் சுத்தி முன் வாசலுக்குப் போய் மணி அடிச்சேன். கதவைத் தொறந்தாரு, கை வெறுங்கை. ஏன் டார்லீன் இவ்ளோ லேட்டுன்னாரு. யாரோ ஒரு பொம்பள உள்ள வந்துட்டா, பேசி அனுப்பிட்டேன், நீ பயப்படாதேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. ஐஸ்கிரீம் முக்காவாசி நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் தின்னோம்.

அதுலேர்ந்து முன் வாசல்தான், மணி அடிச்சுட்டுத்தான். ஆனா ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சுப் போய்ட்டு வர்றப்ப மணி அடிக்க முடியுமா, சொல்லு.

அந்தப் பொம்பள திரும்ப வருவாளான்னு அடிக்கடி கேக்கறாரு. வர மாட்டான்னு சொல்லிட்டிருக்கேன். வருவா. அவளுக்கும் போறதுக்கு வேற வீடு இல்ல.

ரசீது போடு தம்பி. அந்த ஊசியைத் தூக்கிப் போட்டுறாதீங்க, ஒரு காகிதத்துல மடிச்சு என் கையில குடு. காசு குடுத்த சாமான்.