நாற்பதாவது அளவீடு

எனக்கு வடிவாகக் கதைக்க வராது. எழுதினால் வரும். பத்தாம் வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்ன அன்று குரல் வரவில்லை, வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் கொப்பிகளில் எழுதுவதுதான்.

பக்கத்து வீட்டுப் பிரணவன் அண்ணை கம்பஸில் ஆராய்ச்சி செய்கிறார். இணையத்தில் எதுவும் துண்டு துண்டாகத்தான் வருமாம். பழைய முறையில் ஒரு துண்டு தொலைந்தால், அது வந்து சேரும்வரை பின்னால் வந்தவையும் காத்து நிற்கும். புதிய முறையில் மற்றவை விலத்திக்கொண்டு போகும். எங்கள் உரும்பிராயில் கிடைக்கிற சிக்னலில் எது வேகம் என்று என் போனில் அளக்க வேண்டும். இரண்டு முறையையும் ஒரே இடத்தில், அசையாமல், ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் பன்னிரண்டு நிமிடம். நாற்பது அளவீடு சுத்தமாக வந்தால் கட்டுரையில் என் பெயரும் போடுவதாகச் சொன்னார்.

"இடையிலை ஒரு போன் கோல் வந்தாலும் பழுது, தங்கச்சி. திரும்ப முதலிலையிருந்து."

கோல் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் அப்பாதான். தோட்டத்தில் நின்று மிஸ்ட் கோல் தருவார். ஒன்றென்றால் கிணற்றுக்குள் இருக்கிற மோட்டரைப் போடு. இரண்டென்றால் மெயின் சுவிட்சை நிப்பாட்டு, மோட்டர் வயரில் கைவைக்கப் போகிறேன் என்று அர்த்தம். முப்பத்தொரு அளவீடு அப்படியே பழுதானது. சொல்லிப் பார்த்தேன்.

"உந்தப் போனுக்கே உன்னைக் கட்டிக்குடுக்கட்டே?" என்று சிரித்தார்.

ஆகவே கோல்களை எங்கள் பழைய பட்டன் போனுக்குத் திருப்பிவிட்டு, அதை அம்மா சமைக்கிற குசினியில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் கவனமில்லாதவள் அல்ல. அது அடித்தால் தண்ணீர்த் தாங்கிப் படியில் இருக்கிற எனக்குக் கேட்கும்.

அன்று காலை கரண்ட் இல்லை. அம்மா மருதனார்மடம் சந்தைக்குப் போயிருந்தா. நாற்பதாவதில் பழைய முறை முடிந்து புதியது தொடங்கியிருந்தது. குசினியில் போன் ஒருதரம் அடித்து நின்றது. பிறகு இன்னொருதரம்.

விளங்கியது. அப்பா கிணற்றுக்குள் இறங்குகிறார். ஆனால் கரண்ட் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு வராது. எனக்குத் தேவைப்பட்டது ஐந்து நிமிடம். அசைந்தால் எல்லாம் முதலிலிருந்து. நான் அசையவில்லை.

இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது குசினி வாசல் பல்ப் எரிந்தது. அதைக் கண்டேன். அப்போதும் நான் இறங்கவில்லை. அளவீடு முடிந்த பிறகுதான் இறங்கி, சுவிட்சை நிப்பாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.

சுவிட்சை நிப்பாட்டச் சொல்லாமல் அப்பா அவசரப்பட்டுவிட்டார் என்று அம்மா இன்னும் அழுகிறா. நான் திருத்தவில்லை.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் நாற்பதையும் கொடுத்தேன். கடைசி அளவீடுதான் மிகச் சுத்தம் என்றார் பிரணவன் அண்ணை. முழுப்பெயர் கேட்டார். தக்சாயினி சீவரத்தினம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் பெயரும் அதில் வருகிறது. ஒரு மகள் இதைவிட என்ன செய்ய முடியும்?