பித்தளை நட்

— மத்தக் கதையெல்லாம் விடுங்க, யோகலிங்கம் மாஸ்டர். ஜெமீல் கண்டபடி முறுக்கினதாலதான் நட் வெடிச்சது எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க. நான் இந்த நிக்காஹ்வ நிப்பாட்டோணும்.

— கலியாணத்துக்கு எட்டு நாள்தான் கிடக்கு, சரீப் நானா. பிழை ஆரிலை எண்டு பாக்காமல் நான் எப்பிடி எழுதிறது?

— பாக்க என்ன இரிக்கி? நடுக்கடல்ல எஞ்சின்ட பைப் நட் வெடிச்சி, டீசல் எல்லாம் ஒழுகி, என்ட மகன் ஸுஹைர் ரெண்டு நாள் குடிக்கத் தண்ணியில்லாம படகுல மிதந்தவன். சாம்பல்தீவு ஆக்கள் இழுத்துக் கொண்டு வராட்டி மையத்துத்தான் வந்திருக்கும். அண்டு காலம்பற ஜெமீல்தான் அதப் பூட்டினவன். இவனுக்கு என்ட மகள் றஹ்மாவக் குடுக்கவா?

— கோவிக்காமல் இஞ்சை வாங்கோ. பள்ளிக்கூடத்து மைக்கிறஸ்கோப்தான், நீங்கள் கொண்டுவந்த நட்டின்ரை உடைஞ்ச பக்கத்தை அடியிலை வைச்சிருக்கிறன். கண்ணை வைச்சுப் பாருங்கோ. என்ன தெரியுது?

— சீனி மாதிரி... மணி மணியா.

— ஓம். பித்தளை ஒரே கட்டியில்லை. சின்னப் பளிங்குகள் ஒண்டோடை ஒண்டு முட்டி வளர்ந்தது. ஒவ்வொண்டுக்குள்ளையும் அணுக்கள் வரிசையா நிக்கும். ஆனால் ஒண்டின்ரை வரிசை பக்கத்திலை உள்ளதோடை பொருந்தாது.

— பெருநாள் தொழுகையில ஒரு பகுதி ஒரு பக்கமும் மத்தது வேற பக்கமும் பாத்து சப்புக் கட்டி வரிசையா நிண்ட மாதிரியா?

— அப்பிடியே வையுங்கோவன். ரெண்டும் சந்திக்கிற எல்லையிலை அணுக்கள் ஒழுங்கில்லாமல், இடைவெளி விட்டு, அந்தரப்பட்டு நிக்கும். இந்த நட் பளிங்குகளை அறுத்துக்கொண்டு உடையேல்லை, எல்லை வழியாப் பிரிஞ்சிருக்கு. முறுக்கி உடைச்சிருந்தால் முதல் இழுபட்டு நெளிஞ்சிருக்கும். நெளிவைக் காணேல்லையே.

— எனக்கு விளங்கல்ல மாஸ்டர்.

— வெடிப்புக்குள்ளை கறுப்பைப் பாருங்கோ. அண்டைக்கு உடைஞ்சதெண்டால் மஞ்சளா மினுங்கோணும். ஓரத்திலை ஒரு நூலளவுதான் மினுங்குது. ஜெமீல் பூட்ட முதலே, மாசக்கணக்கா வெடிச்சுக்கொண்டு வந்திருக்கு.

— விசர்க் கதை கதைக்காதீங்க! புத்தம் புது நட். இறக்குமதிய நிப்பாட்டின நேரம் கொழும்பெல்லாம் அலைஞ்சி வாங்கினது. எட்டு மாசம் துணியில சுத்தி வெச்சிருந்தன். ஜெமீல் தன்ட ஸ்பனர் பெட்டியில வெக்கட்டா எண்டு கேட்டவன். நான் குடுக்கல்ல. அண்டு நான் எடுத்துக் குடுத்தத வித்துப்போட்டு அவன் பழசப் பூட்டினான் எண்டா சொல்றீங்க?

— அப்ப, நீங்கள் வைச்ச இடத்திலை அமோனியா இருந்ததோ?

— அது என்ன சாமான்?

— ஒரு வாயு. மூக்கையும் கண்ணையும் எரிக்கும். மூத்திரம் காஞ்ச இடத்திலை மணக்குமே, அதுதான். ஈரத்தோடை சேந்துதெண்டால் பித்தளையை அந்த எல்லை வழியா அரிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போகும். எங்கை வைச்சனீங்கள், நானா?

— சுறாக் கருவாடு அடுக்கிற அறையில, மாஸ்டர். கண்ணெரிச்சலுக்குக் கள்ளனும் கிட்ட வரமாட்டான், ஜெமீலும் வரமாட்டான் எண்டுதான்... யா அல்லாஹ், என்ட புள்ளய நானே கடலுக்குக் குடுக்கப் பாத்திரிக்கன்.

— இருங்கோ நானா. தண்ணி கொண்டு வாறன்.

— தண்ணி வேணாம். கடிதத்த எழுதுங்க. ஜெமீல்ட பேர் வாற இடத்தில என்ட பேரப் போடுங்க, அத நானே கொண்டுபோய் மருமகன்ட கையில குடுக்கோணும்.